ஆமை இலவசம், நல்லவர்களுக்கு மட்டும்

1

இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த கைமுதல் இரண்டே இரண்டுதான்: ஒரு தாள், ஒரு போன் பேச்சு. மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு. பின்னால் தெரிந்து மனத்தாங்கல் வருவதைவிட இப்போதே சொல்லிவிடுவது மேல்.

ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் ஒரு பேக்கரி. அதன் பக்கச் சுவர் முழுக்க நோட்டீஸ்கள். ‘பேச்சுலர்களுக்கு ரூம்’, ‘ஹெல்பர் தேவை, தங்குமிடம் உண்டு’, ‘வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்’. டீ ஆறும்வரை இவற்றைப் படிப்பது என் வழக்கம். ஒரு நாள் அவற்றுக்கு நடுவே கையால் எழுதிய தாள் ஒன்று இருந்தது.

ஆமை இலவசம். தொட்டியுடன். நல்லவர்களுக்கு மட்டும்.

கீழே போன் நம்பர்.

வீடு கொடுப்பவர்கள் என்ன சாப்பாடு, எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். நல்லவரா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு ஆமை தேவையில்லை. என்னை நல்லவன் என்று யாராவது ஒப்புக்கொள்வார்களா என்று பார்க்க ஒரு நப்பாசை. நம்பரை அழுத்தினேன்.

“குடுத்தாச்சுங்க” என்றது ஒரு பெண்குரல்.

சரி என்று வைத்திருக்கலாம். நானும் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. பின்னால் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. பிறகு அவரே கேட்டார்: “நீங்களா இருந்தா எங்க கொண்டுபோய் விட்டிருப்பீக?”

நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. அவர் வைத்தாரா, சிக்னல் போனதா, தெரியாது. நான் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் கதை எழுதுகிற வேலை மிச்சமாகியிருக்கும்.

2

அந்தக் குரலுக்குப் பார்வதி என்று பெயர் வைத்தேன். ‘விட்டிருப்பீக’ என்ற இழுப்பை வைத்து ஊர் விருதுநகர்ப் பக்கம். நாற்பதைத் தாண்டியவள், வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சாமான்களைச் சோதித்துப் பார்த்து, தேறாததை ஒதுக்குகிற வேலை. கணவன் மோகன்குமார் வேறொரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். மகள் ஸ்வாதி கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது அவள் அடம்பிடித்து வாங்கியதுதான் அந்த ஆமை. கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட, மீன் கடைகளில் விற்கும் வெளிநாட்டு ஜாதி. அன்றைக்கு அது பச்சைப் பட்டாணி நிறத்தில் உள்ளங்கைக்குள் அடங்கியது. பட்டாணி என்றே பெயராகிவிட்டது. இன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு அகலம். பெயர் மட்டும் வளரவில்லை.

ஆரம்பம் எழுதிப் பார்த்தேன்.

‘கண்ணாடித் தொட்டிக்குள்ளிருந்து பட்டாணி உலகத்தைப் பார்த்தது. அதன் கண்களில் யுகயுகமான சோகம்…’ வேண்டாம். ஆமையின் கண்ணில் சோகத்தை வைத்தது நான், ஆமை அல்ல.

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பார்வதியின் மாமியார் போனில்…’ இது பரவாயில்லை. மாமியார் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் கங்கப்பன் இதற்கு நேர்மாறு. வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் கன்னடம், வாடகை கேட்கும்போது தமிழ் என்று வாழ்கிற உள்ளூர்க்காரர். பட்டாணி வந்த பிறகுதான் தன் வீட்டுக்கு இன்னொரு மாடி எழும்பியது என்பது அவர் கணக்கு. “ஆமெ இருக்கிற வீட்ல லட்சுமி இருக்கும்மா” என்பார். ஒரே ஆமை, மாமியாருக்குப் பீடை, வீட்டுக்காரருக்கு லட்சுமி. இதை வைத்தே ஒரு சிரிப்புக் கதையை ஒப்பேற்றிவிடலாம். ஆனால் போனில் கேட்ட குரல் சிரிப்புக்கு இடம் கொடுக்கவில்லை.

ஆகவே கதை டாக்டரிடம் தொடங்குகிறது.

3

(தொடங்குவதற்கு முன் ஒரு தகவல். பார்வதியும் மோகன்குமாரும் கேட்டு வாங்கி எதிரெதிர் ஷிஃப்டில் இருப்பவர்கள். ஸ்வாதி சின்னப்பிள்ளையாக இருந்தபோது வீட்டில் எப்போதும் ஒரு ஆள் வேண்டும் என்று செய்த ஏற்பாடு. பிள்ளை ஹாஸ்டலுக்குப் போய்விட்டது. ஷிஃப்ட் அப்படியே நின்றுவிட்டது. வாசலில் வீட்டுச்சாவியைக் கைமாற்றிக்கொள்வதுதான் பல நாள் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை.)

அந்த வருடம் ஆயுதபூஜைக்கு இரண்டு கம்பெனியும் சேர்ந்தாற்போல் மூடியிருந்தன. கொஞ்ச நாளாகப் பட்டாணி ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்திக்கொண்டிருந்தது. இருவரும் அதை வாளியில் வைத்து, துணி போட்டு மூடி, நாய்களும் பூனைகளும் காத்திருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் சத்யப்ரியா சின்ன வயசுதான். எடை பார்க்கும் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். பொட்டு அழியாமல் பட்டாணியைத் தூக்கி அதில் வைத்தார், முகத்தைச் சுருக்கினார்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பாடு போடுறீங்க?”

“ஒரு தடவதான்.” இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“யார் போடுவீங்க?”

“நாந்தான்.” மறுபடியும் ஒரே நேரத்தில்.

பார்வதி புருஷனைப் பார்த்தாள்.

“நீங்க எங்க போடப்போறீக, வந்ததும் படுத்துருவீகன்னுல்ல நான் போட்டுக்கிட்டிருந்தேன்?”

“நீ பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல எங்க போட்டிருக்கப்போறேன்னு நான் போட்டேன்.”

“கேட்டிருக்கலாம்ல?”

“நீ கேட்டியா?”

வருஷக்கணக்காக நடந்திருக்கிறது இது. ஆமையும் லேசுப்பட்டதில்லை. யார் நிழல் தெரிந்தாலும் கண்ணாடியில் மோதி மோதி, பார்த்த கண்ணுக்குப் பத்து நாள் பட்டினி போலக் காட்டும். இவள் போட்ட உருண்டைகளைத் தின்று முடித்து, அவன் வந்ததும் முதலிலிருந்து தொடங்கும். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பார்வதியும் சிரித்தாள். கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது.

டாக்டர் பட்டாணியின் பின்னங்காலை விரலால் தொட்டார். காலைத் தொட்டால் ஆமை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். பட்டாணி செய்யவில்லை. கால் வெளியேதான் இருந்தது.

“உள்ள இழுக்கவே மாட்டேங்குதே” என்றார் டாக்டர்.

பார்வதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதுதான் அவளுடைய பெருமை. கேன்டீனில் சொல்லியிருக்கிறாள், ஊர்க் கல்யாணத்தில் சொல்லியிருக்கிறாள், வீடியோ எடுத்து ஸ்வாதிக்கு அனுப்பியிருக்கிறாள். “எங்ககிட்ட அது ஒளியவே ஒளியாதுங்க டாக்டர். தொட்டாக்கூட அப்படியே நிக்கும். அவ்வளவு பாசம்.”

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். “பாசம் இல்லீங்க. உள்ள இடம் இல்ல.”

பிறகு காட்டினார். ஓட்டுக்கும் காலுக்கும் நடுவே பிதுங்கி நிற்கும் சதையை, வெயில் படாமல் மேடும் பள்ளமுமாக வளர்ந்த ஓட்டை, பயத்தில் உள்ளே போகப் பார்த்துப் போக முடியாமல் துடிக்கும் கழுத்தை. இத்தனை வருஷமாக அது பயந்திருக்கிறது. போக வீடில்லாமல் வெளியே நின்றிருக்கிறது.

4

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் நான் வேறு வேலை பார்த்தேன். பார்வதிக்கு அந்த வசதி இல்லை. அவள் அன்றைக்கும் அதே வீட்டுக்குத்தான் திரும்பினாள். வாசலைத் திறந்ததும் பட்டாணி கண்ணாடியில் மோதியது. முதல் தடவையாக அவள் டப்பாவைத் திறக்கவில்லை. சமையற்கட்டில் போய் நின்றுகொண்டாள். மோதுகிற சத்தம் நிற்கவே இல்லை.

டாக்டர் கேட்டது மூன்று: நல்ல வெயில், நிறையத் தண்ணீர், அளவான சாப்பாடு. அவர்கள் வீடு வடக்குப் பார்த்த முதல் மாடி. வெயில் எதிர்வீட்டோடு திரும்பிப் போய்விடும். மொட்டைமாடியில் டப்பில் வைத்துப் பார்த்தாள், காக்கை கண்ணைக் குறி வைத்தது. வாரத்தில் பாதி நாள் லாரித் தண்ணீர். சாப்பாட்டை மட்டும் குறைத்தார்கள். இப்போது இருவரும் மாறி மாறி போனில் கேட்டுக்கொண்டார்கள். “போட்டியா?” “போடல. நீங்க?” “நானும் போடல.” அவர்கள் இவ்வளவு பேசி வருஷங்கள் ஆகியிருந்தன.

“ஏரியில விட்டுரலாமா?” என்றான் மோகன்குமார். “எல்லாரும் அங்கதான் விடுறாக.”

(ஏரிக் காட்சி எனக்கு அழகாக வந்திருக்கும். சாயங்கால வெளிச்சம், கரையில் குனிந்த பெண், வட்ட வட்டமாக விரியும் தண்ணீர், கண்ணீர். பாதி எழுதியும் விட்டேன்: ‘அவள் கையை எடுத்தாள். தண்ணீர் அதை…’ அடித்துவிட்டேன். இந்த ஜாதி ஆமை ஏரியில் இறங்கினால் நம்மூர் ஆமைக்கு இரையும் மிஞ்சாது, இடமும் மிஞ்சாது என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். கதை அழகாக இருப்பதற்காக ஓர் ஏரியைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.)

“நாம கெடுத்தது போதும்” என்றாள் பார்வதி. “இன்னும் எதுக்கு ஏரி ஆமைகளையும் சேத்துக் கெடுக்கணும்? நல்ல ஆளாப் பாத்துக் குடுப்போம்.”

அப்படித்தான் அந்தத் தாள் சுவருக்கு வந்தது.

5

போன்கள் வந்தன. ஒருவர் ஆமை வேண்டாம், தொட்டி மட்டும் கிடைக்குமா என்றார். ஹரீஷ்குமார் என்று ஒருவன், வீடியோ போட்டுச் சம்பாதிப்பவன், ஆமை நாய்க்குட்டி மேல் உட்காருமா என்று விசாரித்தான். கங்கப்பன் மாடியேறி வந்து, லட்சுமியை வெளியே அனுப்புவதானால் கீழ்வீட்டுக்கே அனுப்பும்படி கேட்டார். கீழ்வீட்டில் மேல்வீட்டைவிட இருட்டு.

எல்லோரிடமும் பார்வதி ஒரே கேள்விகளைக் கேட்டாள். வெயில் வருமா? பாத்துக்க ஆள் இருக்கா? எவ்வளவு சாப்பாடு போடணும்னு தெரியுமா? கம்பெனியில் சாமான்களைத் தள்ளுவதுபோல ஒவ்வொருவராகத் தள்ளினாள். அப்படித் தள்ளிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கையில் போனோடு, அவளுக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்விகளை அன்றைக்கு மீன் கடைக்காரன் தன்னிடம் கேட்டிருந்தால் தனக்கும் பட்டாணி கிடைத்திருக்காது. நல்லவர்களுக்கு மட்டும் என்று எழுதிய ஆளே அந்த வரியில் தேறவில்லை. அழுகை வந்தது. அழுதாள்.

பிறகுதான் நாராயணம்மா போன் செய்தாள். கர்நாடக எல்லையோரம் தளியில் ரோஜாத் தோட்டம், பிளாஸ்டிக் கூரை வேய்ந்த பாலிஹவுஸ் போட்டிருக்கிறார்கள், பூ ஏற்றிய வண்டியோடு ஓசூர் வரும்போது நோட்டீஸைப் பார்த்திருக்கிறாள். மழைத்தண்ணீர் பிடிக்க ஷீட் விரித்த பெரிய குட்டை இருக்கிறது. ஏற்கெனவே அதில் இதே ஜாதி ஆமை இரண்டு, பெங்களூர்க்காரர் யாரோ விட்டுவிட்டுப் போனவை. சுற்றிலும் கம்பி வேலி.

இந்த அம்மாள்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. கதை திண்டாடும்போது குட்டையோடும் வேலியோடும் ஒரு பெண் வந்து நின்றால் வாசகர் சும்மா விடுவாரா? ஆகவே அவளைக் கெட்டவளாக்கிப் பார்த்தேன்: ஆமையை விற்றுவிடுகிறாள். ஒட்டவில்லை. தெய்வமாக்கிப் பார்த்தேன்: ‘எல்லா உயிரும் ஒண்ணுதாம்மா…’ என்னாலேயே தாங்க முடியவில்லை. கடைசியில் அவளையே பேச விட்டேன்.

“நீங்க நல்லா பாத்துப்பீகளா?” என்று பார்வதி கேட்டாள்.

“பூவுக்கு மருந்தடிக்கிற நாள்ல எங்க வூட்டு ஆளுங்களையே பாக்க மாட்டேன்” என்றாள் நாராயணம்மா. “மிச்ச நாள்ல கீரை, கோசு எலை கெடைச்சா போடுவேன். இல்லன்னா அதுவே எதுனா தின்னுக்கும். கொஞ்சிகினு எல்லாம் இருக்க மாட்டேம்மா, முன்னாடியே சொல்லிட்டேன்.”

பார்வதி கேள்விகளை நிறுத்திவிட்டாள். கொஞ்சாத ஆள்தான் பட்டாணிக்கு மருந்து என்று அவளுக்குப் பட்டது. அது அவளுக்கு வலித்தது.

6

ஒப்படைக்கிற காட்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டினால் நான் அழவைக்கப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தளி பஸ்ஸில் வாளியோடு போனார்கள். மோகன்குமார் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவன். தூங்கி வழிந்தாலும் வாளியை மடியிலிருந்து இறக்கவில்லை. குட்டையில் பிளாஸ்டிக் டிரம்மைக் கட்டி ஒரு பலகை மிதந்தது. அதன்மேல் இரண்டு ஆமைகள் காலை நீட்டி வெயில் காய்ந்தன. நாராயணம்மா கரையில் நின்று, “பா, பா” என்று கன்னடத்தில் கூப்பிட்டதும் இரண்டும் தொப்பென்று தண்ணீரில் விழுந்து அவளை நோக்கி நீந்தின.

பார்வதிக்கு வந்த முதல் கவலை இதுதான்: “அதுக்குக் கன்னடம் தெரியாதேங்க.”

நாராயணம்மா சிரிக்கவில்லை. “எங்க வூட்ல தெலுங்கு. இங்க வந்து கன்னடம் கத்துக்கினேன், பூ விக்கத் தமிழ் கத்துக்கினேன். அதுவும் கத்துக்கும் வுடும்மா.”

பட்டாணியைக் கரையில் வைத்தார்கள். அது திரும்பிப் பார்த்தது என்று எழுதத்தான் கை வந்தது. அது பார்க்கவில்லை. அத்தனை தண்ணீரை அது கண்டதே இல்லை, சறுக்கிக்கொண்டு போய்விட்டது. வாளி சட்டென்று எடை குறைந்து பார்வதியின் கையில் ஆடியது.

7

வீட்டில் தொட்டியைக் காலி செய்ய யாருக்கும் கை வரவில்லை. நாராயணம்மா தொட்டி வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு நாள் காலை பார்வதி எழுந்து பார்த்தபோது தண்ணீரில் உருண்டைகள் ஊறி மிதந்தன. மோகன்குமார் வேலை முடிந்து வந்து, தூக்கக் கலக்கத்தில், பழக்கதோஷத்தில் போட்டிருக்கிறான். உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் டீ வடிகட்டியை எடுத்து ஒவ்வொன்றாக அள்ளி, அவன் எழுவதற்குள் குப்பையில் போட்டாள். அவனிடம் சொல்லவில்லை. (அவளும் மறந்து போட்டதை அவன் எத்தனை தடவை அப்படி அள்ளினான் என்று அவளுக்கும் தெரியாது.)

தளிக்கு அவள் போகவில்லை. பஸ் நிலையத்தில் தளி போர்டு போட்ட வண்டி நின்றால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். நாராயணம்மாவுக்குப் போன் போட்டு, எடுப்பதற்குள் வைத்துவிடுவாள். பேக்கரிச் சுவரில் அந்தத் தாளைக் கிழிக்க மறந்துபோனாள். அதனால்தான் நானும் கூப்பிட்டேன். அதனால்தான் அந்தக் கேள்வி என்னிடம் வந்தது.

இனி முடிவு. கையில் இரண்டு இருக்கின்றன.

முடிவு ஒன்று: அவள் போகிறாள். ‘பட்டாணி!’ என்கிறாள். மூன்று ஆமைகளில் ஒன்று மட்டும் தலையைத் தூக்கி, நேராக அவளிடம்… இது நடக்கலாம். ஆனால் சாப்பாடு போட்ட காலடிச் சத்தத்துக்கு எந்த ஆமையும் வரும். அவள் இன்னொரு தடவை பசியைப் பாசம் என்று எடுத்துக்கொள்வாள். மறுபடியும் அந்தக் குழிக்குள் அவளைத் தள்ள மாட்டேன்.

முடிவு இரண்டு: அவள் போகிறாள். மூன்றில் எது பட்டாணி என்றே தெரியவில்லை. திரும்பிவிடுகிறாள். இது எழுத்தாளர்களுக்குப் பிடித்த முடிவு. பார்வதிக்கு நியாயம் இல்லை. அத்தனை வருஷம் கண்ணாடி துடைத்தவளுக்கு அந்த மேடு பள்ளமான ஓடு தெரியாமல் போகுமா?

8

அடுத்த ஆயுதபூஜைக்கு மறுநாள் இரண்டு கம்பெனிக்கும் மறுபடி லீவு. “வா, போய்ப் பாத்துட்டு வந்துருவோம்” என்றான் மோகன்குமார். அவள் வரமாட்டேன் என்றாள். அவன் மாடிப்படி இறங்கித் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டான். அவள் போனாள்.

முந்தின நாளே பூவையெல்லாம் நல்ல விலைக்கு விற்றுத் தீர்த்த அலுப்பில் நாராயணம்மா பாலிஹவுஸ் நிழலில் படுத்திருந்தாள். கையை மட்டும் குட்டைப் பக்கம் காட்டினாள். மோகன்குமார் வேலியோரமே நின்றுவிட்டான். பார்வதி தனியாகக் கரைக்கு வந்தாள்.

ஓர் ஆமை தண்ணீரை விட்டு ஏறி, கரையில் போட்டிருந்த பழைய சாக்கின்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேடு பள்ளம் அப்படியேதான் இருந்தது. அது இனி மாறாது. ஆனால் இளைத்திருந்தது. பார்வதி கூப்பிடவில்லை. தமிழில் கூப்பிடுவதா, கன்னடத்தில் கூப்பிடுவதா என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு விரலை நீட்டி, டாக்டர் தொட்ட அதே பின்னங்காலைத் தொட்டாள்.

சட்டென்று கால் உள்ளே போனது. அடுத்த கால், வால், கழுத்து, எல்லாம். ஓடு மட்டும் சாக்கின்மேல் இருந்தது.

“ஏங்க!” என்று அடித்தொண்டையில் கூப்பிட்டாள். “ஏங்க, உள்ள போயிருச்சு! முழுசா உள்ள போயிருச்சுங்க!”

முதல் தடவையாக அது அவளைக் கண்டு ஒளிந்தது. இனி அவளும் அதற்கு யாரோ ஒருத்தி. அவள் சிரித்தாள், உடனே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தன் சத்தத்துக்குத்தான் அது இன்னும் பயப்படுமோ என்று.

தலையை அது மறுபடி வெளியே நீட்டியதா? ஒரு வரி போதும், எழுதிவிடலாம். நீட்டினால் அவளுக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது என்பீர்கள். நீட்டாவிட்டால் கிடைக்கவில்லை என்பீர்கள். அந்த வரியை நான் எழுதப்போவதில்லை. மோகன்குமார் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லவில்லை. பார்வதி இன்னும் கரையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் வேண்டுமானால் பக்கத்தில் போய் உட்காருங்கள். சத்தம் போடாதீர்கள், உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.